நிலாவெளி நட்டுப் பேணி: ஓர் அடுக்கியல் ஆய்வு

ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தார்கள், கீழடியில் அகழ்ந்தார்கள், கந்தரோடையிலும் அகழ்ந்தார்கள். பழைய வாகனமொன்றை வீட்டிலேயே வைத்துத் திருத்துகிற மனிதரின் பத்தியில், மேசைக்குக் கீழே கிடக்கும் பால்மாப் பேணியை மட்டும் எந்தத் தொல்லியல் திணைக்களமும் இன்றுவரை தொட்டுப் பார்க்கவில்லை. நட்டு, போல்ட், வொசர், பெயர் தெரியாத ஸ்பிரிங், எதிலிருந்து கழன்றது என்று யாருக்கும் நினைவில்லாத பித்தளைத் துண்டு ஆகியவை தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து கிடக்கும் இக்கலத்தை இனி 'நட்டுப் பேணி' என அழைப்போம்.

இத்துறையில் முன்னாய்வு ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதுவும் வாய்மொழி மரபைச் சேர்ந்தது. "உந்தக் கறளை எல்லாம் அள்ளிப் பழைய இரும்புக்காரனுக்குப் போடுங்கோ எண்டு எத்தின தரம் சொல்லிப்போட்டன்" என்ற மாமியின் ஆய்வுரை, பொங்கலுக்கு முந்திய வாரத்தில் ஆண்டுதோறும் திருத்திய பதிப்பாக வெளிவருகிறது. மாமா அதற்கு மறுப்புரை எழுதியதில்லை. பேணியை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைப்பதோடு சரி.

கள விவரம். திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியில் வடக்கே ஏறக்குறைய பதினைந்து கிலோமீற்றர் போனால் நிலாவெளி. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம். உப்பு தானாக விளைகிற ஊரில் இரும்பைக் காப்பாற்றி வைப்பது எத்தகைய தவம் என்பதை உள்நாட்டார் அறியார். காற்றில் வரும் உப்பு இரும்பின் மேல் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த உப்பீரம் மின்னைக் கடத்தும். கறள் வேகம் பிடிக்கும். இரும்புக்குப் பக்கத்தில் பித்தளையோ அலுமினியமோ இருந்துவிட்டால் ஒரு குட்டி பற்றரியே உருவாகிவிடும். ஆகவே வாடைக்காற்று தொடங்குமுன் மாமா தன் மொறிஸ் மைனருக்கு அடியில் படுத்து, கழித்த எஞ்சின் ஒயிலைத் தும்புத் தூரிகையால் பூசிவிடுவார். வண்டியின் அடிப்பாகம் நனையாது. மாமாவின் சாரம், தலைமயிர், தலையணை உறை ஆகியவையும் அந்த வருடம் முழுக்கக் கறள் பிடிக்காது.

கலங்களின் வகைப்பாட்டில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. பால்மாப் பேணி மரபுவாதிகளுக்குரியது. பிஸ்கட் ரின் வசதியானவர்களுக்கு. ஹோர்லிக்ஸ் போத்தல், வெளியே இருந்து பார்த்தே எடுத்துவிடலாம் என்று நம்பும் நவீனவாதிகளுக்கு. தேடுகிற நட்டு போத்தலின் நட்டநடுவில் நின்று அந்த நம்பிக்கையைத் தகர்க்கும்.

இனி ஆய்வுமுறை. தொல்லியலில் கீழே கிடப்பது பழையது, மேலே கிடப்பது புதியது. நட்டுப் பேணிக்கு இவ்விதி செல்லாது. பேணியைக் குலுக்கும்போதெல்லாம் பெரிய துண்டுகள் மேலேறும். சின்னவை இடுக்குகளால் வழுகி அடிக்குப் போகும். கடலைக் கலவைப் பைக்குள் பெரிய பருப்பு மேலே வந்து நிற்பதும் இந்த இயற்பியலால்தான். எனவே எங்கள் அகழ்வில் கீழே கிடப்பது பழையதன்று, சின்னது. வேண்டியது எப்போதும் சின்னதாகவே இருப்பதால், பேணியை ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் முழுக்கக் கவிழ்க்காமல் ஒரு நட்டும் எடுத்ததாக வரலாறு இல்லை. ஆழத்தை வைத்துக் காலம் கணிக்க முடியாதபோது புரியை வைத்துக் கணிக்க வேண்டும். புரிதான் எங்கள் கல்வெட்டு.

ஆகப் பழைய அடுக்கு விட்வேர்த். இங்கிலாந்தின் ஜோசப் விட்வேர்த் 1841இல் முன்வைத்த புரி, 55 பாகைக் கோணம் கொண்டது. திருகோணமலையில் பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957 வரை இருந்தது. டொக்யாட்டில் வேலை செய்த குடும்பங்கள் மாவட்டமெங்கும் உண்டு. டொக்யாட்டின் நட்டு நிலாவெளிப் பேணிக்குள் எப்படி வந்தது என்று கேட்பது நாகரிகமான ஆய்வாளருக்கு அழகல்ல. விட்வேர்த் நட்டுக்குத் தனி ஸ்பனர் வேண்டும். ஸ்பனரில் எழுதியிருக்கும் அளவு நட்டின் தலை அகலத்தைச் சொல்லாது, போல்டின் தடிப்பைச் சொல்லும். கால் என்று எழுதிய ஸ்பனரின் வாய் அரை அங்குலத்துக்கும் மேலே திறந்திருக்கும்.

அடுத்த அடுக்கு 1948இல் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க நட்டு பிரித்தானிய போல்டில் ஏறாமல் பட்ட பாட்டுக்குப் பிறகு, அமெரிக்காவும் பிரித்தானியாவும் கனடாவும் கூடி அந்த ஆண்டில் 60 பாகையில் பொதுப் புரி ஒன்றுக்கு உடன்பட்டன. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் வெளிவந்ததும் அதே ஆண்டில். மாமாவின் வண்டி பிற்பட்டது, 948 சி.சி. எஞ்சின், ஸ்ரீ இலக்கத் தகடு. வில்லங்கம் எங்கே என்றால், கால் அங்குல விட்வேர்த்துக்கும் இந்தப் பொதுப் புரியின் பெரும்புரி வகைக்கும் அங்குலத்துக்கு 20 புரி. கோணம்தான் 5 பாகை வேறு. ஒன்றில் மற்றது ஏறும், இறுகும், நல்ல சம்பந்தம் போலவே தெரியும். புல்மோட்டை வீதியின் முதல் பள்ளத்தில் குட்டு வெளிப்படும்.

ஆய்வாளரைப் பைத்தியமாக்கும் கலப்பினம் ஒன்றும் உண்டு. மொறிஸ் கம்பனியின் முதலாளி 1923இல் ஹொட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பனியின் கொவென்றித் தொழிற்சாலையை வாங்கினார். அங்கிருந்த இயந்திரங்கள் மில்லிமீற்றரில் புரி வெட்டுபவை. ஆங்கிலேய மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்பனரோ விட்வேர்த். இரண்டையும் மாற்ற மனமில்லாமல், உடம்பில் மில்லிமீற்றர்ப் புரியும் தலையில் விட்வேர்த் அளவுமாகப் போல்ட் செய்தார்கள். பழைய மொறிஸ் எஞ்சின் சிலவற்றில் இது வரும். எங்கள் பேணியில் அப்படி ஒன்று கிடக்கிறது என்பது மாமாவின் கட்சி. அது வெறும் தேய்ந்த போல்ட் என்பது என் கட்சி.

ஹொண்டா மோட்டார் சைக்கிளோடு வந்தது ஜப்பானிய மில்லிமீற்றர் அடுக்கு. 1977க்குப் பிறகு இறக்குமதிக் கதவு திறந்ததும் இந்த அடுக்கு தடித்துவிட்டது. இங்கே ஸ்பனர்களின் சமரச சன்மார்க்கம் கொஞ்சம் நடக்கும். முக்கால் அங்குலத் தலைக்கு 19 மில்லிமீற்றர் ஸ்பனர் கச்சிதம், அரை அங்குலத்துக்கு 13 போதும். பதினாறில் ஒன்பதுக்குத்தான் கதியில்லை: 14 ஏறாது, 15 தலையை உருட்டிவிடும். சைக்கிள் நட்டுகளை இந்த வரிசையில் சேர்க்க முடியாது. றலி கம்பனி அங்குலத்துக்கு 26 புரி என்று தனக்கெனத் தனிச் சாதி வகுத்து வாழ்ந்தது.

நட்டும் போல்டும் சேரும் விதி பற்றி மேலைநாட்டுக் கைநூல்கள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. நமக்குப் பவணந்தி முனிவர் போதும். விரலாலேயே திருகி அடிவரை போகுமாயின் அது இயல்புப் புணர்ச்சி. உப்புக் காற்றில் அரிது. மற்றதெல்லாம் விகாரம். தோன்றல் என்பது இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதொன்று வந்து நிற்பது: ஒரு வொசர், கிழிந்த ரியூப்பின் பட்டி, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள். திரிதல் நடப்பது, பதினாறில் ஐந்து அங்குல மொறிஸ் போல்டில் எட்டு மில்லிமீற்றர் ஹொண்டா நட்டை ஏற்றும்போது. தடிப்பில் மயிரளவுதான் வித்தியாசம். முதல் இரண்டு சுற்று மாப்பிள்ளை வீட்டார் போலச் சிரித்துக்கொண்டு போகும். மூன்றாவதில் முனகும். நான்காவதில் அந்த நட்டு உலகில் எந்த நாடும் அங்கீகரிக்காத சொந்தப் புரியொன்றைத் தானே வெட்டிக்கொள்ளத் தொடங்கும்.

கெடுதல் என்பது தலை முறிவது. தலை கையோடு வந்துவிடும், உடல் எஞ்சின் கட்டைக்குள்ளேயே தங்கிவிடும். வருமொழி கெட்டதோடு நில்லாமல் நிலைமொழியையும் கெடுக்கும் இப்புணர்ச்சிக்கு நன்னூலார் விதி கூறவில்லை.

கெடுதலைத் தவிர்க்க மாமா கையாளும் முறை பதிவுசெய்யத் தக்கது. புகைக்குழாயை எஞ்சினோடு பிடிக்கும் நட்டு இறுகிப்போனால் அவர் ஸ்பனரை எடுக்கமாட்டார். ஊதுவிளக்கால் நட்டைச் சுற்றிச் சூடாக்குவார், மங்கலாகச் சிவக்கும் வரைக்கும். பிறகு கோயிலுக்கு வாங்கிய மெழுகுதிரியின் அடியை நட்டும் போல்டும் சந்திக்கும் இடத்தில் தொடுவார். மெழுகு உருகிப் புரிக்குள் இழுபட்டுப் போகும்; வெள்ளைப் புகை ஒரு கோடாக எழும். இப்போதும் கழற்றமாட்டார். இன்னும் கொஞ்சம் இறுக்குவார்! கறள் 'டிக்' என்று உடையும் சத்தம் கேட்ட பிறகுதான் மறுபக்கம் திருப்புவார். "முதல்ல அதுக்கு விட்டுக் குடுக்கோணும் தம்பி, பிறகுதான் எடுக்கோணும்." மாமியோடு பேசும்போது அவர் இம்முறையைக் கையாள்வதில்லை என்பது என் கள அவதானிப்பு.

மண்ணெண்ணெய் அடுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. 1990இல் யுத்தம் மறுபடி மூண்டபின் வடக்குக்குப் பெற்றோலும் பற்றரியும் போகத் தடை. பழைய மொறிஸ்களும் ஒஸ்ரின்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் இருக்கும் நாலு சொட்டுப் பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்த எஞ்சின்களின் அமுக்கம் குறைவு. அதனால்தான் தரம் குறைந்த எண்ணெயிலும் தட்டித் தடுமாறி ஓடின. அமுக்கம் கூடிய புது எஞ்சினில் இந்த வித்தை பலிக்காது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலோடு கலக்கும். ஆகவே அக்காலத்தில் ஒயில் கோலை இழுத்துப் பார்த்தால் அளவு குறைந்திராது, கூடியிருக்கும். எரிபொருளே இல்லாத ஊரில் ஒயில் பெருகியது. துளை பெருப்பித்த பித்தளை ஜெற் ஒன்றை அங்கிருந்து ஓர் உறவினர் கொண்டுவந்து பேணியில் போட்டார், இன்னும் கிடக்கிறது.

2004 டிசம்பர் 26இன் அடுக்கு மணல். அதைக் கடல் கொண்டுவந்து போட்டது. பேணி வேலிக் கரையில் கவிழ்ந்து கிடந்தது. ஊரில் அன்றைக்குப் போனவற்றோடு பார்க்க, அது எஞ்சியதைப் பேசவே கூச்சமாக இருக்கும். அடுத்த வாரங்களில், கிடைத்த படகு எஞ்சின்களைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவி மண்ணெண்ணெயில் ஊறப்போட்ட வேலைக்கு, மணலோடு கிடந்த அந்த நட்டுகள்தான் உதவின.

மேலே 2022. மாவட்டத்தின் சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் நூறளவில் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானத் தாக்குதலில் ஒன்று எரிந்தது. 2022 ஜனவரியில் எஞ்சிய 99ஐயும் 61, 24, 14 எனப் பங்கு பிரித்து ஒப்பந்தம் எழுதினார்கள். அதே ஆண்டு ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்கான கியூ.ஆர். அட்டை வந்தது: மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். கணக்குப் பார்த்தேன். ஒரேயொரு தாங்கி நிறைந்திருந்தாலும் மாமாவின் ஹொண்டாவுக்கு 57,000 வருடத்துக்குக் குறையாமல் போதும். அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியதால் படகு எஞ்சின்களும் கரையில் படுத்துவிட்டன. சைக்கிள்கள் திண்ணையிலிருந்து இறங்கின. பேணிக்குள் பல காலம் கேட்பாரற்றுக் கிடந்த 26 புரிக்காரர்களுக்கு ஒரே நாளில் மவுசு வந்தது.

பேணியின் பொருளாதாரம் இன்னும் விசித்திரமானது. ஒழுங்கையில் எவரும் நட்டை விற்பதில்லை. ஒன்று கேட்டு வருபவர் வெறுங்கையோடு வருவதுமில்லை. தன் வீட்டில் எதற்கும் உதவாத மூன்றைக் கொண்டுவந்து போட்டுவிட்டுத்தான் எடுப்பார். ஒன்று போனால் மூன்று வரும். பேணி குறையாமலிருப்பதன் காரணமும், அதற்குள் வேண்டியது கிடைக்காமலிருப்பதன் காரணமும் இதுவே. பழைய வண்டி வைத்திருப்பதைக் கஞ்சத்தனம் என்போர் ஒன்றை மறக்கிறார்கள்: 2020இல் வாகன இறக்குமதி நின்றபோது, ஓட்டைப் பெட்டி என்று ஏளனம் செய்தவர்களே விலை கேட்டுப் படலைக்கு வந்தார்கள். மாமா விற்கவில்லை. விற்றால் பேணிக்கு என்ன வேலை?

அண்மைய கண்டுபிடிப்பொன்று. மாமாவின் மகன், எனக்கு மச்சான் முறை, கொழும்பிலிருந்து ஜப்பானிய ஹைபிரிட் காரில் வந்தான். இறக்கண்டிப் பக்கம் எங்கோ பள்ளத்தில் அடிபட்டு, வண்டியின் அடிமூடி தொங்கியபடி வந்து சேர்ந்தது. அதைப் பிடித்திருந்தவை பிளாஸ்ரிக் கிளிப்புகள்; மூன்று உடைந்திருந்தன. மாமா அவற்றைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். புரி இல்லை, தலை இல்லை, ஸ்பனர் பிடிக்க ஒரு முகம் இல்லை. பேணிக்குள் போடவும் மனம் வரவில்லை. யோகட் கோப்பையொன்றில் தனியாக வைத்தார்.

"கொழும்புக்குப் போய் ஏஜென்ரிட்ட குடுப்பம் அப்பா, ஒண்டும் செய்யாதேங்கோ" என்று மச்சான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பேணி பத்திரிகையில் கவிழ்ந்துவிட்டது. கால் அங்குல விட்வேர்த் மூன்று, போருக்கு முந்திய பெரிய தலையோடு, வொசரும் ரியூப் பட்டியும் வைத்து ஏறின. மச்சான் போய் ஒரு மாதமாகிறது. மூடி அசையவில்லையாம். அடுத்த சேர்விசில் அதைக் கழற்றப்போகிற பொடியனிடம் 13ஆம் ஸ்பனர் இருக்கும், அது ஏறாது. 14 இருக்கும், அது வழுக்கும்.