ஏர் செக் பண்ணுனீங்களா?

'ஹேண்டில் உதறுது' என்று கோயமுத்தூரில் யாரிடமும் வாயைத் திறக்காதீர்கள். திறக்காவிட்டாலும் தப்பிக்க முடியாது என்பது வேறு விஷயம். நேற்று சிங்காநல்லூர் சிக்னலில் நின்றிருந்தேன். பக்கத்து வண்டிக்காரர், நான் கேட்காமலே, "ஏனுங்க, முன்வீலு ஆடிட்டே வருதே, ஏர் செக் பண்ணுனீங்களா?" என்றார். அவருக்குப் பின்னால் நின்றவர், "ஏர் இல்லீங்க, கோன்செட்டு போயிருக்கும்" என்றார். பச்சை விழுந்தும் பேச்சு முடியவில்லை. பின்னால் ஆம்னி வேன்காரர் ஆரன் அடித்துக்கொண்டே இருந்தார். அவருக்கும் ஏதாவது கருத்து இருந்திருக்கும்.

வண்டி என்னுடையது. சக்கரம் அக்கா மகனுடையது. பழைய ஸ்டாண்டர்ட் புல்லட் 350. முன்னும் பின்னும் 19 அங்குல ஸ்போக் வீல், 3.25 டயர். "சர்வீஸ் பண்ணிக் கொண்டாந்து தர்றனுங்க மாமா" என்று ஓட்டிக்கொண்டு போனவன், 17 அங்குலக் கறுப்பு அலாய் மாட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். பின்னால் 140 டயர். ஆக்சிலும் பேரிங்கும் சேரவில்லையாம். கணபதியில் ஒரு லேத்தில் புஷ் கடைந்து இறக்கியிருக்கிறான். "கெத்தா இருக்குதுங்களா மாமா?" என்று கேட்டான். கெத்தாகத்தான் இருந்தது. அதுதான் என் வயிற்றெரிச்சலே. கடைக் கண்ணாடியில் அந்த டயரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு போகிற வயதும் அல்ல, தொப்பையும் அல்ல எனக்கு.

எந்த வண்டிக்கு எந்தச் சக்கரம் சரி என்பதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். கடைசியில் சொல்கிறேன்.

இந்தத் தடி டயர் மோகத்துக்கு 2008இல் வந்த யமஹா எஃப்இசட் 16 மேல்தான் எனக்குச் சந்தேகம். பின்னால் 140 டயர். அதை வரைந்தவர்கள் அந்த டயருக்கு ஏற்றபடி ஃபோர்க், சேசிஸ், ஸ்விங் ஆர்ம் எல்லாவற்றையும் சேர்த்து வரைந்தார்கள். நம் பசங்கள் டயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

ஹேண்டில் திரும்புகிற அச்சைச் சாய்வாக அப்படியே தரைவரை நீட்டிப் பாருங்கள். அது தரையைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் பின்னால்தான் டயர் தரையைத் தொடும். இந்த இடைவெளிக்குப் பெயர் ட்ரெயில். வண்டி நேராகப் போவதில் இந்தச் சில சென்டிமீட்டருக்குப் பெரும் பங்கு உண்டு. முன்னால் 19ஐக் கழற்றி, 100/80 டயரோடு 17ஐ மாட்டினால் ஆக்சில் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் கீழே இறங்கும். அதில் ட்ரெயில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் காணாமல் போகும். பின்னாலோ நேர்மாறு. அகல டயர் சாயும்போது தரையைத் தொடும் இடம் ஓரத்துக்கு ஓடிவிடுகிறது; அதனால் அதே வளைவுக்கு வண்டியை இன்னும் படுக்கப் போட வேண்டும். போதாததற்கு, செயின் டயரில் உரசுகிறது என்று பின்வீலைக் கொஞ்சம் மறுபக்கம் தள்ளி வைத்திருக்கிறான். முன்வீல் தும்மினால் திரும்புகிறது, பின்வீல் கெஞ்சினாலும் சாயமாட்டேன் என்கிறது. குடும்பச் சொத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வந்த அண்ணன் தம்பி மாதிரி இரண்டும் ஆளுக்கொரு திசையில் நிற்கின்றன.

இதை யாரிடமாவது சொல்ல முடிகிறதா? எங்கள் ஊரில் பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில் லேத் ஓடும். மீதி ஒன்பது வீட்டில் லேத்தைப் பற்றிப் பேச்சு ஓடும். பம்புசெட் கம்பெனிக்காரர் வந்தார். மோட்டாரைத் தொட்டுப் பார்ப்பது போல ஹப்பில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, "ஷாஃப்ட்டு ரன்அவுட்டுங்க" என்றார். வண்டி ஓடவே இல்லை, ஸ்டாண்டில் நிற்கிறது. ரிட்டயரான மில் ஃபிட்டர் வந்தார். "இருபதாயிரம் சுத்து சுத்துற ஸ்பிண்டிலே ஆடறதில்ல. உங்க வீலு அறுபதுல போனா நிமிசத்துக்கு ஐந்நூறு சுத்துச் சொச்சம். அதுக்கே ஆடுதுன்னா மெயின்டனன்ஸ் பத்தலைங்க" என்று என்னைத்தான் பார்த்தார். ஃபவுண்டரிக்காரர் சாவியை எடுத்து அலாயில் டிங், டிங் என்று தட்டி, கோயில் மணியைக் கேட்பது போலக் காதைக் கொடுத்தார். "உள்ள ப்ளோ ஹோல் இருக்குதுங்க." எங்கே? "உள்ளதானுங்க." வெட் கிரைண்டர்க்காரர் சும்மா இருப்பாரா? 1955இல் சபாபதி கிரைண்டர் கண்டுபிடித்த ஊர் அல்லவா இது. "கல்லு ஆடுனா மாவு நைசா வராது, முதல்ல செயின் டென்ஷனப் பாருங்க" என்றார். பார்த்தோம். சரியாக இருந்தது. "அப்ப அதுக்கு மேல கல்லுதானுங்க" என்று போய்விட்டார். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரு காலத்தில் ரேஸ் பார்த்தவர் ஒருவர் உண்டு. பார்த்தவர்தான், ஓட்டியவர் அல்ல. அவர் வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து, நிமிர்ந்து, "ரைடிங் ஸ்டைல மாத்துங்க" என்றார். பேக்கரியில் டீ மாஸ்டர் எட்டிப் பார்த்து ஏர் செக் பண்ணச் சொன்னார். பிஎஸ்ஜி டெக்கில் படிக்கும் நண்பரின் மகள் மட்டும்தான், "அங்கிள், பழைய வீலையே போட்டுருங்களேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பாவம், படிக்கிற பிள்ளை, அனுபவம் இல்லை.

பழைய வீல் எங்கே இருக்கிறது? எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டானாம்.

சைடு ஸ்டாண்ட் கதை தனி. வண்டி தாழ்ந்துவிட்டது; ஸ்டாண்டின் நீளம் அதேதான். அதனால் இப்போது சாயாமல் கம்பீரமாக நிமிர்ந்து நிற்கிறது. பக்கத்தில் பஸ் போனால் அந்தக் காற்றுக்கே மறுபக்கம் விழுகிறது. ஸ்பீடோமீட்டர் முன்வீலில் இருந்து ஓடுவது. வீல் சின்னதானதும் அதே தூரத்துக்கு அதிகம் சுற்றுகிறது. 55இல் போனால் 60 காட்டுகிறது. கிலோமீட்டரும் அதே கணக்கில் நூற்றுக்கு ஒன்பது கூடுதலாக ஏறுகிறது. இவன் அதை வைத்துப் பெட்ரோல் கணக்குப் போட்டு, "மைலேஜ் ஏறிருச்சுங்க மாமா!" என்று குதிக்கிறான். பெரியநாயக்கன்பாளையத்தில் ஸ்பீடோமீட்டர் செய்து நாடு முழுக்க அனுப்புகிற ஊரில் பிறந்த பையன்.

ஆடி மாதம் இந்த வண்டியோடு நீலம்பூர் பைபாஸில் மதுக்கரைப் பக்கம் போய்ப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று யார் வண்டியையும் விசாரிக்காமல் விடாது. முன்பு புல்லட் ஒரு தலையாட்டலோடு போய்விடும். இப்போது ஒவ்வொரு லாரிக்கும் பதில் சொல்லிக்கொண்டே போகிறது.

இதையெல்லாம் சொன்னால், "ஜி.டி. நாயுடுவும் பைக்கைப் பிரிச்சவர்தானுங்களே மாமா" என்கிறான். அவர் பெயரில் அவிநாசி ரோட்டில் 2025 அக்டோபரில் பத்து கிலோமீட்டர் மேம்பாலம் திறந்தாலும் திறந்தார்கள், பசங்கள் எல்லாம் அவருக்குப் பங்காளி ஆகிவிட்டார்கள். அவர் ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, ரட்ஜ் மோட்டார் சைக்கிளைச் சொந்தமாக வாங்கிப் பிரித்தார். பிரித்ததைத் திரும்ப அப்படியே மாட்டினார். மாமன் வண்டியை வாங்கிக்கொண்டு போய்ப் பிரித்ததாக எங்கும் இல்லை.

கடைசி ஆயுதமாகச் சட்டத்தை எடுத்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. அந்த வருஷத் திருத்தத்தின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உரிமையாளர் யார்? நான். பையன் கொஞ்சம் யோசித்தான். சரி, திருந்திவிட்டான் என்று நினைத்தேன்.

"ரெண்டு வீலுக்கு பத்தாயிரமுங்களா மாமா?"

அரை மணி நேரம் இதைத்தான் பேசினோம். நான் பத்தாயிரம் என்றேன். மில் ஃபிட்டர், டயரைத் தனியாகச் சேர்த்தால் இருபது என்றார். எந்தச் சக்கரம் சரி என்று சொல்ல வந்தது அங்கேயே நின்றுவிட்டது. கடைசியில் தீர்ப்பு அவனுடையதுதான்: "இல்லீங்க மாமா, செட்டுக்கு ஒண்ணுதானுங்க." லேத்தில் கடைந்த புஷ்ஷை அவன் கணக்கில் சேர்க்கவே இல்லை.