மழை டயரும் மழைமறைவுப் பிரதேசமும்

மழைக்காலத்துக்கு எந்த டயர் வாங்கலாம் என்று சொல்லிவிடத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் போன ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன். இடுப்பு இன்னும் நேராகவில்லை.

என் மச்சினனிடம் ஒரு போலோ ஜிடி இருக்கிறது. 2022-ல் அந்தக் காரை இந்தியாவில் நிறுத்திவிட்டார்கள் என்று செய்தி வந்த அன்று அவன் இரண்டு வேளை சாப்பிடவில்லை. அவனுடைய பெரியப்பா காலமானபோது ஒரு வேளைதான் விட்டான். இந்த நோய்க்கு மலையாளத்தில் வண்டிப்பிராந்து என்று பேர். எங்கள் கொழிஞ்சாம்பாறைத் தமிழிலும் அதேதான்.

மற்றவர்களுக்கு வருஷம் சித்திரையில் பிறக்கும். இவனுக்கு டயரில் பிறக்கும். வெயில் காலத்துக்கு ஒரு செட். அதைப் போட்டுக்கொண்டு செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பக்கம் போய் நிற்பான். இடவப்பாதி மழைக்கு ஒரு செட். ஜனவரியில் மூணாறு எஸ்டேட் புல்லில் உறைபனி விழுகிறதல்லவா, அதற்கும் ஒரு செட் வேண்டுமாம். ஏழு டிகிரிக்குக் கீழே போனால் சாதா டயரின் ரப்பர் விறைத்துப்போகும், ஜெர்மனிக்காரன் அக்டோபரில் மாற்றி ஈஸ்டருக்குத்தான் திருப்பி மாட்டுவான் என்று விளக்கம் வேறு. நாங்கள் இருக்கும் ஊரில் ஏழு டிகிரியைப் பார்க்க ஃபிரிட்ஜைத்தான் திறக்க வேண்டும்.

இந்த வருஷம் விதி முந்திக்கொண்டது. ஜூன் முதல் தேதிக்கு என்று மழை டயருக்குச் சொல்லிவைத்திருந்தான். 2025-ல் பருவமழை மே 24-ஆம் தேதியே கேரளத்துக்கு வந்துவிட்டது. 2009-க்குப் பிறகு இத்தனை சீக்கிரம் வந்ததில்லை. டயர் வரவில்லை, மழை வந்துவிட்டது. டிவியில் வானிலை அறிக்கை வாசித்த பெண்ணை அவன் பார்த்த பார்வையை என் மாமியாரே கண்டித்தார்.

டயர் வந்த பிறகு வேறொரு சங்கடம். எங்கள் ஊர் இருக்கும் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம் மழைமறைவு. கேரளத்துக் கள்ளுக்கடைகளுக்கு எங்கள் பக்கத்துத் தென்னையிலிருந்துதான் கள் போகிறது. மழைதான் எங்களுக்கு வருவதில்லை. கணவாய்க் காற்று தகரத்தைத் தூக்கும், மேகம் தலைக்கு மேலே ஓடும், நாலு சொட்டு விழும், அதோடு சரி. வாசலில் நாலு மழை டயரும் பத்து நாள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன.

அந்தப் பத்து நாளும் வீட்டுக்கு ஆள் வந்துகொண்டே இருந்தது. குழந்தை பிறந்தால்கூட இத்தனை பேர் வரமாட்டார்கள். வருகிறவன் "சௌக்கியமா" என்று கேட்பதில்லை. நேரே போய்க் குந்துகிறான். முதலில் பெருவிரல் நகத்தால் ரப்பரை அழுத்துகிறான். "சாஃப்ட்டு" என்கிறான். அடுத்தவன் குந்துகிறான், அவனும் அழுத்துகிறான், அவனும் "சாஃப்ட்டு" என்கிறான். மூன்றாமவன் வண்டிச் சாவியை எடுத்து டயர்ப் பட்டன் இடுக்கில் இருக்கும் சின்னக் கல்லை நெம்புகிறான். கல் வந்துவிட்டால் அவன் முகத்தில் பல் டாக்டரின் நிம்மதி. நாலாமவன் காசைச் சொருகி ஆழம் பார்க்கிறான். சட்டப்படி காருக்கு 1.6 மில்லிமீட்டர் பட்டன் இருந்தால் போதும். இது நேற்று வந்த டயர், எட்டு மில்லிமீட்டருக்குக் குறையாது. ஆனாலும் பார்த்தாக வேண்டும். காசு உள்ளே போகும், எல்லோரும் தலையை ஆட்டுவார்கள், காசு வெளியே வரும், அதே காசை அடுத்த டயரில் சொருகுவார்கள். பிறகு கல்வெட்டு வாசிப்பு. டயரின் விலாவில் 195/55 ஆர் 16 87 வி என்று எழுதியிருக்கிறதே, அதைத் தொல்லியல் துறைக்காரர்கள் வட்டெழுத்தைப் படிப்பதுபோல ஈர விரலால் தடவித் தடவிப் படிக்கிறார்கள். 87 என்றால் டயர் ஒன்று 545 கிலோ தாங்கும். வி என்றால் 240 கிலோமீட்டர் வேகம். கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டு முக்கில் 240 கிலோமீட்டர் வேகம்! அங்கே ஒரு எருமை திரும்பவே கால் மணி நேரம் ஆகும். கடைசியாக நாலு இலக்க எண். 1225 என்றால் 2025-ஆம் வருஷத்தின் பன்னிரண்டாவது வாரம் பிறந்தது. பெற்ற பிள்ளையின் பிறந்த நாளைக் கேட்டால் மனைவியைக் கூப்பிடுகிறவன், டயர் எந்த வாரம் பிறந்தது என்று தூக்கத்திலும் சொல்கிறான். அப்புறம் நைட்ரஜன். காற்று அடிக்கும் கடையில் அதற்குத் தனிக் காசு. சாதாக் காற்றிலேயே நூற்றுக்கு எழுபத்தெட்டு பங்கு நைட்ரஜன்தான் என்று எட்டாம் வகுப்புப் பாடத்தை ஞாபகப்படுத்தினேன். "மாமாவுக்கு வண்டி தெரியாது" என்று முடித்துவிட்டார்கள்.

எனக்கும் தெரிந்துவிட்டது, அதுதான் கொடுமை. போன வாரம் ஒரு கிரகப்பிரவேசத்தில் பால் காய்ச்சும் நேரத்தில் என்னைக் காணவில்லை. சம்பந்தி காரின் பின் சக்கரத்தருகே குந்தியிருந்தவனை என் மனைவி வந்து கண்டுபிடித்தாள்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மழை வராவிட்டால் என்ன, நாம் போய்ப் பார்ப்போம் என்று விடியற்காலை நாலரைக்கு எழுப்பிவிட்டான். கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சி: ரோடு காய்ந்திருந்தது. உடுமலைப்பேட்டை: வெயில். ஒன்பதாறு செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தி வானத்தைப் பார்த்தான். சின்னாறு காட்டுக்குள் நுழைந்தோம். அதுவும் மழைமறைவு, கேரளத்துக்குள் இருந்துகொண்டு கள்ளியும் முள்ளும் வளர்க்கிற காடு. மறையூரும் அப்படியே. சந்தன மரத்துக்குப் போட்ட வேலிக்குள்ளே மான் ஒன்று எங்களை இரக்கத்தோடு பார்த்தது. மழை டயர் போட்ட கார் ஒரு மழைமறைவிலிருந்து கிளம்பி, இன்னொரு மழைமறைவு வழியாக மழையைத் தேடிப் போவதை அதுவும் இப்போதுதான் பார்த்திருக்கும்.

வழியெல்லாம் அவனுடைய வேதபாராயணம். 2005 அமெரிக்க கிராண்ட் பிரீ. எங்கள் பக்கத்து ஊர் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், ஜோர்டான் கார். இண்டியானாபோலிஸில் மிஷலின் டயர் தாங்காது என்று பதினாலு கார்கள் ஓடாமல் உள்ளே திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு கார்கள்தான் ஓடின. நரேன் நாலாவதாக வந்தார். ஃபார்முலா ஒன்றில் ஒரு இந்தியர் புள்ளி எடுத்தது அதுதான் முதல் தடவை. "பாத்தீங்களா மாமா, டயர்தான் எல்லாம்."

"வண்டியை வெளிய எடுக்காதவன் பதினாலு பேரு மாப்ள, அவனுக யாருக்கும் சேதமில்ல" என்றேன். பேச்சு நின்றது. முதுகு வலிதான் நிற்கவில்லை. அகல டயர், இறுக்கின ஸ்பிரிங். ரோட்டில் கிடந்த ஒவ்வொரு கல்லையும் என் தண்டுவடம் தனித்தனியாக விசாரித்துக்கொண்டு போயிற்று.

லக்கம் அருவி தாண்டியதும் மழை வந்தது. அவன் கண் நிறைந்துவிட்டது, சத்தியமாக. அதோடு மூடுபனியும் வந்தது. முன்னால் ஒரு பஸ். 240 போகிற டயர் மூணாறு வரை இருபதில் போயிற்று. தேயிலைக்காடு எதுவும் தெரியவில்லை, பஸ்ஸின் பின்பக்க விளம்பரம் மட்டும் நன்றாகத் தெரிந்தது. அந்த வேகத்தில் மாட்டு வண்டிக்கும் கிரிப் இருக்கும். இருந்தும் ஒவ்வொரு வளைவிலும் "கிரிப்பு பாத்தீங்களா மாமா?" என்று கேட்டான். எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு பழைய ஜீப்பு ஹாரன் அடித்து, ஏறிப் போய், பஸ்ஸையும் தாண்டி மறைந்தது. உள்ளே எஸ்டேட் ஆட்கள் ஒரு பத்துப் பேர் இருப்பார்கள். அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

மூணாறு டீக்கடை வாசலில் அதே ஜீப்பு நின்றது. மச்சினன் வழக்கம்போலக் குந்தினான். ரீட்ரேட் டயர், நாலும் நாலு கம்பெனி. "அண்ணே, மழைக்கு என்ன டயர் போடுறீங்க?" என்று டிரைவரைக் கேட்டான். அவர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தார். "காத்து இருக்கான்னு பாப்போம் தம்பி" என்றார்.

எம்ஆர்எஃப்பே 1946-ல் திருவொற்றியூரில் விளையாட்டு பலூன் செய்து ஆரம்பித்த கம்பெனிதான் என்று திரும்பி வரும்போது சொன்னேன். ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன். அவன் உடுமலைப்பேட்டை வரை பேசவில்லை.

திங்கட்கிழமை பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்துப் பட்டன் இடுக்கில் இருந்த மூணாறு மண்ணையெல்லாம் எடுத்துவிட்டு, காரை ஷெட்டில் ஏற்றிப் போர்வை போட்டு மூடிவிட்டான். இனி மழை விட்ட பிறகுதான் எடுப்பானாம். மழையில் ஓட்டினால் மழை டயர் வீணாகிவிடுமாம். இண்டியானாபோலிஸில் நின்ற பதினாலோடு இது பதினைந்து.

நேற்று பொள்ளாச்சிக்கு ஒரு வேலை. கேட்டுப் பார்த்தேன். "பஸ்ஸுல போயிருங்க மாமா" என்றான். போனேன். கோபாலபுரம் தாண்டியதும் மழை பிடித்தது. இந்த வருஷத்தில் எங்கள் பக்கம் பார்த்த ஒரே நல்ல மழை. பஸ் ஒரு வளைவிலும் வழுக்கவில்லை. இறங்கியதும் குடையைப் பிடித்துக்கொண்டு பின் சக்கரத்தருகே குந்திப் பார்த்தேன். ரீட்ரேட்.