கலர் வந்தாச்சா?

மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் ஏதாவது ஒரு வீட்டுப் பரணில் கொலுப் பொம்மைக்கே இடம் இல்லையென்றால், அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டர் மாமா குடியிருக்கிறார் என்று அர்த்தம். அண்டா இருக்க வேண்டிய இடத்தில் பிபிசி மைக்ரோ உட்கார்ந்திருக்கும்.

கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் கம்பெனி 1981 டிசம்பரில் கொண்டுவந்த பெட்டி அது. 1984-85இல் மத்திய அரசு 'கிளாஸ்' திட்டத்தில் நம் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கொடுத்தபோது இதுதான் வந்து இறங்கியது. நினைவகம் 32 கிலோபைட். வாட்ஸ்அப்பில் தினம் வரும் 'காலை வணக்கம்' ரோஜாப்பூ ஒன்றுகூட அதற்குள் அடங்காது. மாமா அதை ஏலத்தில் எடுத்தார். விலையை மாமியிடம் இன்றுவரை சொல்லவில்லை.

ஸ்விட்சைப் போட்டால் 'பூ... பீப்' என்று இரண்டு சத்தம் வரும். உயிர் இருக்கிறது. முகம்தான் தெரியவில்லை. பேரன் விட்டுப்போன மானிட்டரில் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று மூன்று வார்த்தை, அப்புறம் இருட்டு.

"ஏன்னா, கலர் வந்தாச்சா?" அடுக்களையிலிருந்து கேள்வி வரும்.

"வந்துண்டே இருக்கு!"

எப்படி வரும்? பழசு நொடிக்கு 15,625 கோடு வரைகிறது. புதுசு குறைந்தது 31,500 கோடாவது வேண்டும் என்கிறது. மிருதங்கம் விளம்பத்தில் போக, பாட்டு துரிதத்தில் ஓடினால் கச்சேரி என்னாகும்? அதுதான் இங்கேயும். போதாக்குறைக்குப் பழசு 5 வோல்ட்டில் கத்துகிறது. புதுசின் காது 0.7 வோல்ட்டுக்கு மேல் தாங்காது.

டிவியில் மாட்டலாமே என்பீர்கள். பெட்டியிலிருந்து வரும் ஆன்டெனா சிக்னல் யுஹெச்எஃப் 36ஆம் சேனலில் வருகிறது. டயனோராவும் சாலிடேரும் கோலோச்சிய காலத்து டிவிகள் பலவற்றுக்கு விஹெச்எஃப் தவிர வேறெதுவும் தெரியாது. பின்பக்கம் இன்னொரு வீடியோ பிளக் இருக்கிறது. அதில் வருவது கறுப்பு வெள்ளை. மாமா 8 கலருக்குக் குறைந்து எதையும் ஏற்கமாட்டார்.

ஆகவே ரிச்சி ஸ்ட்ரீட். அங்கே மாமா கேட்பது மூன்றே மூன்று 470 ஓம் ரெசிஸ்டர்: மஞ்சள், ஊதா, பழுப்புக் கோடு போட்டது. கடைப் பையன் ஏற இறங்கப் பார்த்தான்.

"நூறா எடுத்துக்கோங்க சார். மூணுக்கு எப்படி சார் காசு வாங்குறது?"

"சிவப்புக்கு ஒண்ணு, பச்சைக்கு ஒண்ணு, நீலத்துக்கு ஒண்ணு. நாலாவது எதுக்குப்பா?"

அன்று சாயங்காலம் 5 வோல்ட் 0.7 ஆயிற்று. ஆனால் பவர் சப்ளையில் இருந்த பழைய கெப்பாசிட்டர் 'டப்'பென்று வெடித்து, கூடம் முழுக்கப் புகை. சாம்பிராணி என்று நினைத்து எதிர்வீட்டு மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கெப்பாசிட்டரை மாற்றிய பிறகும் கோட்டுக் கணக்கு உதைத்தது. கடைசியில் கைகொடுத்தது அடையாற்றில் இருக்கும் மருமான். ராஸ்பெர்ரி பை ஜீரோ என்ற குட்டி போர்டை நடுவில் வைத்து, பழைய சிக்னலை ஹெச்டிஎம்ஐ ஆக்கினான். அந்தக் குட்டிக்குள் இருப்பது ஆர்ம் சிப். ஆர்ம் பிறந்தது இதே ஏகார்ன் கம்பெனியில், 1985இல். தாத்தா பேசுவதைப் பேரன்தான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

ஞாயிறு காலை சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் எல்லாம் பளிச்சென்று வந்தன. மாமி கரண்டியோடு வந்து நின்றாள்.

"அதான் வந்துடுத்தே. அப்புறம் என்ன மூஞ்சி?"

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரொம்பத் தெளிவா இருக்குடி. அந்த நாள்ல எழுத்து ஓரத்துல கொஞ்சம் வழியும்."

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில், பழைய குழாய் மானிட்டர் கிடைக்குமா என்று ஒருவர் விசாரித்துக்கொண்டிருந்தார்.