சேவலின் தலை யார் பங்கு?

எங்கள் குடும்பத்தில் "ஓட்டு யாருக்கு?" என்று யாரும் கேட்காத ஒரே ஆள் நான். நான் எந்தக் கட்சிக்குப் போட்டாலும் அதற்கு டெபாசிட் போய்விடும் என்பது மனைவி வீட்டாரின் அபிப்பிராயம். அரசியல் பேச்சில் நானும் வாயைத் திறந்தால், "மாப்ளே, அந்த ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைங்க" என்பார்கள். இப்படி எந்தப் பக்கத்திலும் சேர்த்துக்கொள்ளப்படாதவனை 'நடுநிலையாளர்' என்று கௌரவமாகச் சொல்லலாமாம். மாடியில் குடியிருக்கும் வக்கீல் அம்மா சொன்னார். நீதிமன்ற சமரச மையத்தில் பயிற்சி பெற்றவர்.

அந்தக் கௌரவத்துக்கு உடனே வேலை வந்தது. என் மனைவியின் பெரியப்பாவும் சித்தப்பாவும் ஆண்டிபட்டிப் பக்கம் ஒரே வீட்டை நடுச்சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டு வாழ்பவர்கள். இருவருக்கும் எம்.ஜி.ஆர்.தான் தெய்வம். 1984இல் அவர் அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தபடியே ஆண்டிபட்டியில் ஜெயித்தாரே, அப்போது அண்ணன் மிதிக்க, தம்பி கேரியரில் உட்கார்ந்து கொடி பிடிக்க, ஒரே சைக்கிளில் ஊர் ஊராகப் போனவர்கள்.

1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்தார். கட்சி இரண்டானது, இரட்டை இலைச் சின்னம் முடங்கியது. 1989 தேர்தலில் அவர் மனைவி ஜானகி அம்மாளுக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதாவுக்குச் சேவல். அந்தம்மா ஆண்டிபட்டியில் நின்றார், இந்தம்மா பக்கத்துப் போடிநாயக்கனூரில். பெரிய மாமா சேவல், சின்ன மாமா புறா. ஆட்சியைப் பிடித்ததோ தி.மு.க.! ஜானகி அம்மாள் தோற்று, அரசியலே வேண்டாம் என்று ஒதுங்கினார். அந்த ஆண்டே இரண்டு அணியும் ஒன்றாகி, இரட்டை இலையும் திரும்பி வந்தது. மாமாக்கள் மட்டும் இணையவில்லை.

"கட்சியே சேர்ந்துருச்சே, நீங்க சேர்ந்தா என்ன மாமா?" என்று பெரியவரை ஒருமுறை கேட்டேன்.

"கட்சிக்கு வெக்கம் கிடையாது மாப்ளே. நமக்கு இருக்குல்ல?"

இந்த நிலையில் சின்ன மாமா பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமானது. அண்ணன் வீட்டுக்கு முதல் பத்திரிகை வைப்பதுதான் முறை. யார் போய்ப் பேசி வழி செய்வது? "நீங்கதான் சும்மா இருக்கீங்க" என்று என் மனைவி எனக்கு நியமன ஆணை வழங்கினாள்.

ஓடிப்போய் வக்கீல் அம்மாவிடம் ஆலோசனை கேட்டேன். சமரசருக்கு நாற்பது மணி நேரப் பயிற்சியாம். எனக்குக் காபி ஆறுகிற நேரத்தில் அதைச் சுருக்கிக் கொடுத்தார். தீர்ப்புச் சொல்லக் கூடாது. (வீட்டில் என்றைக்குச் சொல்லியிருக்கிறேன்?) இருவரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒருவர் சொன்னதை அவர் அனுமதி இல்லாமல் மற்றவரிடம் சொல்லக் கூடாது. சுடுசொல்லை ஆற வைத்துக் கொண்டுபோக வேண்டும். வாதத்தை விட்டுவிட்டு, ஆளுக்கு என்ன வேண்டும் என்பதைப் பிடிக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் சமரசச் சட்டம் 120 நாள் கெடு கொடுக்கிறது, தேவைப்பட்டால் இன்னும் 60 நாள் நீட்டிக்கலாம் என்றும் சொன்னார். வழக்கு 1989இல் தொடங்கியது என்றேன். அனுதாபத்தோடு பார்த்தார். ஒரு வட்டாரத்துக் குடும்பங்களுக்குள் அமைதி கெட்டால் மூன்று பேர் குழு வைக்கவும் சட்டத்தில் இடமுண்டாம். மூன்று பேருக்குப் பஸ் காசு கட்டுப்படியாகாது என்று என் மனைவி என்னோடு நிறுத்திக்கொண்டாள்.

முதல் அமர்வு பெரிய மாமா திண்ணையில். 1972இல் எம்.ஜி.ஆர். தி.மு.க.வில் கணக்குக் கேட்டதில் ஆரம்பித்து, வெற்றிலை தீரும்வரை பேசினார். கடைசியில் தம்பியைப் பற்றி, "துரோகிப் பய!" என்றார். அதை ஆற வைத்து எடுத்துக்கொண்டு பக்கத்து வாசலுக்குப் போனேன்.

"அன்றைய அணி மாற்றம் குறித்துப் பெரிய மாமாவுக்குச் சற்று வருத்தம்..."

"எங்கண்ணன் வாயில வருத்தம்ங்கிற வார்த்தையே வராது. என்ன சொன்னாரோ அதைச் சொல்லுங்க."

"அதற்கு அவர் அனுமதி வேண்டும் மாமா."

"வாங்கிட்டு வாங்க."

திரும்பிப் போய்க் கேட்டேன். பெரிய மாமா தாராளமாக அனுமதி கொடுத்ததோடு, இன்னும் இரண்டு வசவுகளையும் சேர்த்துக் கொடுத்தார்.

கட்சிக் கதையில் இருக்கும்வரை விடியாது என்று தெரிந்துவிட்டது. சின்ன மாமாவிடம், "அதெல்லாம் இருக்கட்டும், உங்களுக்கு என்ன வேணும் மாமா?" என்று கேட்டேன். பேசாமல் எழுந்து என்னைத் தெருப்பக்கம் அழைத்துப் போனார். தெருவைப் பார்த்த சுவரில் பாதி இவருக்கு, பாதி அண்ணனுக்கு. இவர் பாதியில் சுண்ணாம்புக்கு அடியிலிருந்து காவி நிறத்தில் ஏதோ எட்டிப் பார்த்தது. உற்றுப் பார்த்தேன். ஒரு சேவல் கொண்டை.

"உடம்பை அவர் பங்குல வரைஞ்சாரு, சரி. தலையை என் பங்குல நீட்டலாமா? ஒரு வார்த்தை கேட்டாரா? பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிக்கிறேன். மழை பேஞ்சா கொண்டை வந்துருது."

பெரிய மாமாவிடம் ஓடினேன். "இடம் பத்தலை மாப்ளே. சேவல்னா தலை வேணாமா? அதுக்காக ஓட்டுக்கு முந்தின ராத்திரி அதுல சுண்ணாம்பைப் பூசிட்டான். விடிஞ்சு பார்த்தா முண்டமா நிக்குது! ஊரே சிரிச்சுச்சு."

எம்.ஜி.ஆருக்கும் இதில் சம்பந்தமில்லை, இரண்டு அம்மாக்களுக்கும் சம்பந்தமில்லை. ஒருவருக்குச் சுவர் போச்சு, மற்றவருக்கு மானம் போச்சு. இதைக் கேட்க ஆளில்லாமல்தான் இருவரும் இத்தனை காலம் கொள்கை பேசியிருக்கிறார்கள்.

மன்னிப்பு என்ற பேச்சையே எடுக்காமல், முழுச் சுவருக்கும் ஒரே பெயிண்ட் என்றேன். இருவரும் தலையாட்டினார்கள். பெயிண்ட் கடை ஷேடு கார்டை விரித்த பிறகுதான் தமிழ்நாட்டில் நிறங்களுக்கு எவ்வளவு தட்டுப்பாடு என்று தெரிந்தது. சிவப்பும் கறுப்பும் ஒரு வீட்டுச் சொத்து. மஞ்சள் அடித்தால் ஒரு கட்சி, நீலம் அடித்தால் ஒரு கட்சி, காவியைத் தொடவே வேண்டாம். பச்சையைப் பார்த்ததும், "இது இலைதானே, அடிக்கலாம்" என்றார் பெரியவர். "எந்த வருஷத்து இலை?" என்றார் சின்னவர். அவசரமாகப் பக்கத்தைப் புரட்டிச் சாம்பல் நிறத்தில் முடித்தேன். அதை இன்னும் எந்தக் கட்சியும் எடுக்கவில்லை.

அடுத்து, காசு யார் போடுவது? காசு போட்டவருக்குச் சுவரில் கூடுதல் பாத்தியதை வந்துவிடும் என்பதில் அண்ணன் தம்பி இருவரும், 1984க்குப் பிறகு முதல்முறையாக, ஒரே கருத்தில் இருந்தார்கள். ஆகவே எந்தப் பாத்தியதையும் இல்லாத ஒருவர்தான் போட வேண்டும். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

பத்திரிகை வைத்தாயிற்று. பெரிய மாமா தலைமையில்தான் கல்யாணம். நான் ஊர் திரும்பிப் பையைக்கூட இறக்கவில்லை, என் மனைவி ஆரம்பித்தாள்: "என் தம்பி வீட்டுல ஒரே ரகளை. அவன் தி.மு.க., மகன் விஜய் கட்சியாம். ரெண்டு நாளா தட்டுல கை வைக்கலையாம். ஞாயித்துக்கிழமை ஒரு எட்டு போயிட்டு வந்துருங்க."

"என்ன பேசுறது?"

"பேச்சு கிடக்கட்டும். பெயிண்ட் மிச்சம் இருக்குல்ல, அதை மறக்காம எடுத்துக்கோங்க."