பொன்னழுக்கியல்: ஓர் ஆய்வேட்டின் சுருக்கம்

பொன்னைப் பற்றித் தமிழர் பேசாத பேச்சில்லை. அதன் விலை தினமும் காலையில் வெளியாகிறது. சில நாள் மாலைக்குள் திருத்தப்பட்டும் விடுகிறது. வாங்குவது, அணிவது, அடகு வைப்பது, மீட்பது, மீட்க முடியாமல் ஏலத்துக்குப் போவது ஆகிய ஐந்தும் அகல ஆராயப்பட்டுவிட்டன. ஆயினும் தோட்டின் பின்புறத்தில், திருகாணியைச் சுற்றிச் சேருகிற அந்தச் சாம்பல் நிறப் பிசுக்கைப் பற்றிப் புலமையுலகம் இன்றுவரை வாய் திறக்கவில்லை. இக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம் என்றால் அது மிகையாகாது. மிகைதான் என்றாலும் ஆய்வேட்டில் அப்படி எழுதுவதே மரபு.

ஆய்வுக் களம், தமிழ்நாட்டு வீட்டு அடுக்களை. காலம், கல்யாணத்துக்குக் கிளம்புவதற்கு முந்தைய இரவு. மற்ற நாட்களில் நகை கழுவப்பட்டதற்கான சான்றுகள் அரிதாகவே கிடைக்கின்றன. கருவிகள்: ஓர் எவர்சில்வர் கிண்ணம், வெதுவெதுப்பான தண்ணீர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு டூத் பிரஷ். இந்தப் பிரஷ்ஷுக்குத் தனி வரலாறு உண்டு. முதற்பிறவியில் பல்லுக்கும், இரண்டாம் பிறவியில் நகைக்கும், மூன்றாம் பிறவியில் குழாயடிப் பாசிக்கும் உழைத்து அது வீடுபேறு அடைகிறது. இரண்டாம் பிறவியும் மூன்றாம் பிறவியும் இடம் மாறிவிடாமல் காப்பது இல்லறத்தாரின் கடமை.

இனி, அழுக்கின் மூலம். “பொன் நாளடைவில் அழுக்காகும்” என்பது உலக வழக்கு. அது பொருந்தாது, என்னை? தூய தங்கம் காற்றோடும் சேராது, நீரோடும் சேராது. கருக்காது, துருவும் ஏறாது. அற்றேல், பாட்டி வளையல் மங்கிக் கிடப்பது எதனால் எனின், நாம் அணிவது தூய தங்கம் அன்று. 22 காரட் என்பதில் நூற்றுக்கு 91.6 பங்கு பொன், எஞ்சிய 8.4 பங்கு செம்பு, வெள்ளி போன்றவை. அந்தச் சிறுபான்மை, குறிப்பாகச் செம்பு, சற்றே நிறம் மாறுகிறது. ஆனால் பெரும்பங்கு அதுவும் அன்று. தாலிக்கொடியில் குண்டுக்கும் காசுக்கும் இடையே நகத்தால் சுரண்டிப் பார்த்தால் வருவது சோப்பு, தேங்காய் எண்ணெய், மஞ்சள், முகப்பவுடர், வியர்வை, தோலின் உதிரி. போர் தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் சோப்பும் கூடினால் தண்ணீரில் கரையாத வெண்பிசுக்கு பிறக்கும். மேற்சொன்னவற்றை எல்லாம் ஒட்டிப் பிடித்து வைப்பது அதுவே. ஆகவே பொன்னில் காணப்படுவது பொன்னின் அழுக்கு அன்று, அணிந்தவரின் அழுக்கே என்பது பெறப்படும். இம்முடிவை வீட்டில் உரக்க வாசிக்க வேண்டாம்.

வைரத்தின் கதை இன்னும் இரங்கத்தக்கது. வைரத்தின்மேல் தண்ணீர் ஒட்டாது. எண்ணெய்ப் பசை உடனே ஒட்டும். தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் இந்தக் குணத்தை வைத்தே வைரத்தைப் பிரித்தெடுத்தார்கள். உடைத்த கல்லைத் தண்ணீரோடு சேர்த்து, கிரீஸ் பூசிய சாய்மேசையின்மேல் ஓடவிடுவார்கள். மற்ற கற்கள் வழிந்தோடிவிடும். வைரம் மட்டும் கிரீஸில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்பேர்ப்பட்ட வைரத்தை எழுகல் தோடாக்கி, எண்ணெய் வழியும் தலைக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, “டால் அடிக்கவே மாட்டேங்குது, கடைக்காரன் ஏமாத்திட்டான்” என்று சொல்வது எவ்வகையிலும் ஆய்வு நெறியாகாது. கல்லின் பின்புறத்திலுள்ள எண்ணெய்ப் படலம் போனால் ஒளி தானே திரும்பி வரும்.

அழுக்கை நீக்கும் வகையில் நான்கு மதங்கள் நிலவுகின்றன. புளி மதத்தார் தொன்மையானவர்கள், எண்ணிக்கையிலும் மிக்கவர்கள். புளியிலுள்ள அமிலம் செம்பின் கறையைக் கரைக்கும் என்பதால் பித்தளை அண்டா விஷயத்தில் இவர்களை மறுப்பார் யாருமில்லை. அண்டாவுக்கு நல்லது அட்டிகைக்கும் நல்லது என்று நீட்டித்ததே இவர்களின் வழு. திருநீற்று மதத்தார் வெள்ளிக்கு விபூதி போதும் என்பர். இது ஓரளவு சரி. ஆனால் தேய்க்கும்தோறும் கறையோடு வெள்ளியும் இம்மியளவு போகிறது. கொலுசின் அரும்பு வேலைப்பாடு மூன்று தலைமுறையில் மொழுமொழு என்று ஆவதற்கு இதுவும் காரணம். பற்பசை மதம் புதியது, ஆபத்தானது. பொன்னும் வெள்ளியும் மோஸ் கடினத்தன்மை அளவையில் 2.5 முதல் 3 வரை நிற்கும் மெல்லிய உலோகங்கள். பற்பசையில் இருப்பதோ பல்லைத் தேய்க்கவென்று சேர்த்த பொடி. பல்லின் எனாமல் அதே அளவையில் 5. அது தாங்கும், மோதிரம் தாங்காது. மெருகு போன மோதிரத்தில் நுண்கீறல்கள் வலைபோல ஓடியிருப்பதை வெயிலில் திருப்பிப் பார்த்தால் காணலாம்.

நான்காவது, பூந்திக்கொட்டை மதம். பட்டறைகளில் ஆசாரிமார் வழிவழியாகக் கையாண்டது. கொட்டையை உடைத்து, விதையை எறிந்துவிட்டுத் தோலை வெந்நீரில் ஊறவைத்தால் நுரைக்கும். அமிலமும் கடுமையாக இல்லை, பொடியும் இல்லை. உப்புத் தண்ணீரிலும் சோப்பைப்போல வெண்பிசுக்கு விடுவதில்லை. இவ்வாய்வாளன் நடுநிலை பிறழாமல் இம்மதத்தையே சார்கிறான். பூந்திக்கொட்டை கிடைக்காதவர்கள் பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரே ஒரு சொட்டு விட்டுக்கொள்ளலாம். பத்து நிமிடம் ஊறவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் பின்புறத்திலிருந்து தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, பழைய பருத்தித் துணியில் ஒற்றி உலரவிட்டால் தங்கத்துக்கு வேறு ஒன்றும் வேண்டியதில்லை. இந்த ஒற்றை வாக்கியத்தோடு ஆய்வேட்டை முடித்திருக்கலாம். ஆனால் பக்கம் போதாது.

மேலும், விலக்குகள் உண்டு. முத்தும் பவளமும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. புளித்தண்ணீரோ எலுமிச்சையோ பட்டால் மேற்பரப்பு அரித்து ஒளி போய்விடும். இவ்விடத்தில் சிலப்பதிகாரம் நோக்கத்தக்கது. பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்துப் பரல். கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல். உடைத்துப் பார்க்கும் நிலை வருமுன், பிடிபட்ட சிலம்பை இரவு முழுக்கப் புளிக்கரைசலில் ஊறப்போட்டிருந்தால் உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்பது காலையில் தெரிந்திருக்கும். மாணிக்கம் புளிக்கு அசையாது. புளி மதத்தாருக்கு மதுரையைக் காப்பாற்றும் வாய்ப்பு ஒன்று இருந்து, கை நழுவியது என்க.

கெம்புக்கல் பதித்த கோயில் நகைகள், உள்ளே அரக்கு நிறைத்த வளையல், காசுமாலைப் பதக்கம் ஆகியவற்றை வெந்நீரில் போடுவது பெரும்பிழை. சூட்டில் அரக்கு இளகும், கல் ஆடும், பிறகு விழும். பின்புறம் மூடிக் கட்டிய பழைய கல் நகைகளில் கல்லுக்கு அடியில் பளபளப்புக்காக மெல்லிய தகடு வைத்திருப்பார்கள். உள்ளே தண்ணீர் இறங்கினால் தகடு கறுத்து, கல் செத்துப்போனதுபோல ஆகிவிடும். இவற்றை ஈரத்துணியால் துடைக்கலாம். அதற்கு மேல் அன்பு காட்டக் கூடாது. கவரிங் பற்றி ஒரே விதி: வியர்வையைத் துடைத்து வையுங்கள், தேய்க்காதீர்கள். மேலே இருப்பது முலாம். அது போனால் உண்மை தெரிந்துவிடும்.

வெள்ளி தனி இயல். அதைக் கறுக்கச் செய்வது காற்றிலுள்ள கந்தக வாயு. கொலுசு தொலையாமல் இருக்க ரப்பர் பேண்டால் கட்டி வைப்பவர்கள் பலர். அந்த ரப்பரிலேயே கந்தகம் இருக்கிறது. கட்டிய இடத்தில் மட்டும் கறுப்பு வளையம் விழுந்திருப்பது இதனால்தான். தேய்க்காமல் கறுப்பை எடுக்கவும் வழி உண்டு. கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, கொலுசை அதன்மேல் படும்படி வைத்து, ஆப்பசோடா போட்டுக் கொதிநீரை ஊற்றினால் வெள்ளியைப் பிடித்திருந்த கந்தகம் பிரிந்துவிடும். லேசாக அழுகிய முட்டை நாற்றம் வந்தால் வினை நடக்கிறது என்று பொருள்; மாமியார் சைவம் என்றால் முன்கூட்டியே விளக்கிவிடுவது நலம். ஆக்சிடைஸ்டு நகையை இதில் போட்டுவிடாதீர்கள். காசு கொடுத்து வாங்கிய கறுப்பும் சேர்ந்து போய்விடும்.

இதுவரை கூறியவை அனைத்தும் வேதியியல். இவ்வாய்வின் மையக் கருதுகோள் வேறு. தங்கத்துக்கு இவ்வளவு குறைந்த பராமரிப்பே போதும் என்னும்போது, வீட்டில் ஏன் இவ்வளவு நீண்ட சடங்கு? விடை: நகை கழுவுதல் என்பது துப்புரவுப் பணி அன்று, தணிக்கை. கள ஆய்வில் பதிவான உரையாடல் வருமாறு:

“ஏம்மா, அந்த ரெட்டை வடத்தையும் எடுத்துட்டு வாயேன், கையோட கழுவிடலாம்.”

“அது லாக்கர்ல இருக்கு அத்தை.”

“போன தடவையும் லாக்கர்லதான் இருந்துச்சு.”

மேலோட்டமாகப் பார்த்தால் இது சுகாதாரம் பற்றிய பேச்சு. ஆழ்ந்து நோக்கின், மருமகள் கூறியது பொய்யும் அன்று. லாக்கர் நகையும் அடகு நகையும் ஒரே வங்கியின் பாதுகாப்பு அறையில்தான் பெரும்பாலும் உறங்குகின்றன. ஒன்றுக்கு நாம் வாடகை கட்டுகிறோம், மற்றதற்கு வட்டி. வளையலின் உட்புறத்தைத் தேய்க்கும் சாக்கில் பெரியவர்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முத்திரையையும் படித்துவிடுவார்கள். பழையதென்றால் 916 என்று மட்டும் இருக்கலாம். 2023 ஏப்ரல் 1 முதல் கடைகளில் விற்பதென்றால் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு வேண்டும். பாட்டி கொடுத்ததாகச் சொன்ன வளையலில் ஆறு இலக்கம் தென்பட்டால், பழையதை மாற்றிவிட்டார்கள் என்பது அந்தக் கணமே நிரூபணமாகும். பிரஷ் அதன்பின் மேற்கொண்டு அசையாது.

அழுக்குக்கு விலை உண்டு என்பதும் இங்கே குறிக்கத்தக்கது. பழைய நகையைக் கொடுத்துப் புதியது வாங்கப் போனால் கல்லுக்கும் அரக்குக்கும் கழிப்பதுபோல அழுக்குக்கும் எடை கழிப்பார்கள். எவ்வளவு கழிப்பது என்பது தராசுக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியாது. கழுவி, உலர்த்தி, வீட்டிலேயே நிறுத்து எழுதிக்கொண்டு போனால் அந்தப் பேச்சு குறையும். நகை கழுவுவதால் விளையும் ஒரே பொருளாதாரப் பயன் இதுவே.

அடுத்து, சிங்க். இத்துறையின் மாபெரும் இழப்புகள் யாவும் அங்கேதான் நிகழ்ந்துள்ளன. மூக்குத்தித் திருகாணி கடுகளவுதான் இருக்கும். சோப்பு பட்டால் விரலில் நிற்காது. குழாயைத் திறந்து அதன் கீழே கழுவியவர்களின் பொன் இன்று எந்தக் கடலில் இருக்கிறதோ! கிண்ணத்திலேயே கழுவி, அந்தத் தண்ணீரையும் வெள்ளைத் துணியில் வடிகட்டிய பிறகே கொட்ட வேண்டும். நகைப் பட்டறைகள் இருக்கும் தெருக்களில் குப்பையையும் சாக்கடை மண்ணையும் அரித்துப் பொன் எடுப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். நம் வீட்டுச் சாக்கடைக்கு அவர்கள் வருவதில்லை.

கடைசியாக, வாசலில் வந்து “பாலிஷ் போடுறோம்மா” என்று கூவும் ஐந்தாம் மதத்தார். முதலில் குத்துவிளக்கை இலவசமாகத் துலக்கிக் காட்டுவார்கள். அது பளிச்சென்று வரும். பிறகு வளையலைக் கேட்பார்கள். வளையலும் பளிச்சென்றுதான் வரும், எடை மட்டும் குறைந்திருக்கும், ஏனெனில் அவர்கள் முக்கியெடுக்கும் திரவம் பொன்னைக் கரைப்பது. மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரு பங்கு நைட்ரிக் அமிலமும் சேர்ந்த ராஜ திராவகம், தனித்தனியே இவ்விரண்டில் எதற்கும் அசையாத தங்கத்தைக் கரைத்துவிடும். கரைந்த பொன் அழிவதில்லை, திரவத்திலிருந்து மீட்டுக்கொள்ளலாம். 1940இல் ஜெர்மன் படை கோபன்ஹேகனுக்குள் நுழைந்தபோது, லாவே, ஃபிராங்க் என்னும் இரு அறிவியலாளரின் நோபல் பதக்கங்களை வேதியியலாளர் ஹெவெசி இந்தத் திராவகத்தில் கரைத்து, ஆய்வுக்கூட அலமாரியில் வைத்துவிட்டுப் போனார். போர் முடிந்து வந்து பார்த்தால் புட்டி அப்படியே இருந்தது. பொன்னை மீட்டு ஸ்டாக்ஹோமுக்கு அனுப்ப, பதக்கங்கள் புதிதாக வார்த்துத் தரப்பட்டன. நம் வாசலுக்கு வருபவர் புட்டியை விட்டுவிட்டுப் போவதில்லை. ஆகவே குரல் கேட்டால் குத்துவிளக்கைக்கூட நீட்டாதீர்கள். பக்கத்து வீட்டுக்கும் ஒரு சத்தம் கொடுங்கள்.