முதலில் உங்கள் காகிதத்தைக் காட்டுங்கள்

2022 டிசம்பரில் நல்லாட்சி குறித்து மத்திய அரசு ஒரு பயிலரங்கு நடத்தியது. அந்த மேடையில்தான் தேசிய ஆவணக் காப்பகத்தின் தலைமை இயக்குநர் உண்மையைப் போட்டுடைத்தார். 1962, 1965, 1971 போர்களின் ஆவணங்கள் காப்பகத்தில் இல்லை. பசுமைப் புரட்சியும் இல்லை. மொத்தம் 151 அமைச்சகங்களும் துறைகளும் உண்டு. அவற்றில் 36தான் அதுவரை காப்பகத்துக்கு எதையாவது அனுப்பியிருந்தன. சுதந்திரம் வந்த நாள் முதல் 2022 தொடக்கம் வரை பாதுகாப்பு அமைச்சகம் கொடுத்தவை 476 கோப்புகள். தாலுகா ஆபீஸில் பட்டா மாறுதலுக்குத் தூசி படிந்து கிடக்கும் கட்டுகள் இதைவிட அதிகம் இருக்கும். பிறகு யாரோ உசுப்ப, சில மாதங்களில் 1960 வரைக்குமான 20,000 கோப்புகள் வந்து சேர்ந்தனவாம். ஆக, இத்தனை காலமும் அவை எங்கோ பத்திரமாகத் தூங்கிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன.

சட்டம் இல்லாமலா? 1993இலேயே பொது ஆவணங்கள் சட்டம் வந்துவிட்டது. நிரந்தரமாகக் காக்க வேண்டிய கோப்பு 25 வயதைத் தாண்டினால் காப்பகத்துக்குப் போக வேண்டும். ஆவணத்தை நாட்டைவிட்டுக் கடத்தினாலோ, விதியை மீறி அழித்தாலோ ஐந்தாண்டு வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சரி, அனுப்பாமல் பீரோவின் அடித்தட்டில் போட்டு மறந்துவிட்டால்? அதற்குத் தண்டனை எதுவும் இல்லை. கோப்பை அழிக்கத்தான் கையெழுத்து வேண்டும். கரையானுக்கு யாருடைய கையெழுத்தும் வேண்டாம். வெள்ளைக்காரன் காலனிகளைக் காலிசெய்தபோது கோப்புகளைக் கொளுத்திப் பெயரைக் கெடுத்துக்கொண்டான். நம் அதிகாரிகள் கெட்டிக்காரர்கள். ஜன்னலைத் திறந்துவைத்தால் மீதியை மழை பார்த்துக்கொள்ளும்.

அந்த வெள்ளைக்காரன் விட்டுப்போன 17ஆம் நூற்றாண்டுக் கம்பெனிக் கடிதங்களை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இன்றைக்கும் ஆய்வாளர்கள் மனுப் போட்டுப் பார்க்கிறார்கள். கோட்டையில் உட்கார்ந்து துணி வியாபாரம் செய்தவனின் பேரம் நமக்குத் தெரியலாம். நம் வரிப்பணத்தில், நம் பிள்ளைகள் செத்த போர் மட்டும் தெரியக் கூடாது.

1962 சீனப் போர்த் தோல்வியை விசாரித்தவர்கள் லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸும் பிரிகேடியர் பகத்தும். 1963இல் அறிக்கை கொடுத்தார்கள். வாங்கிய கையோடு அரசு அதன்மேல் ‘மிக மந்தணம்’ முத்திரையைக் குத்தியது. நெவில் மேக்ஸ்வெல் என்ற வெளிநாட்டுப் பத்திரிகையாளர் அதைப் படித்து 1970இல் புத்தகமே போட்டுவிட்டார். 2014இல் அறிக்கையின் ஒரு பெரும்பகுதியை இணையத்தில் ஏற்றினார். பெய்ஜிங்கில் இருப்பவர் தேநீர் குடித்தபடி படிக்கலாம். போரில் மகனைப் பறிகொடுத்த தாய் டெல்லியில் மனுப் போட்டால் மட்டும் அது ரகசியம்.

2010இல் பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் காரணம் சொன்னார்: அறிக்கைக்கு இன்றைய ராணுவ நடவடிக்கைகளிலும் மதிப்பு இருக்கிறதாம். பருத்திச் சட்டையும் கேன்வாஸ் ஷூவும் மாட்டி, .303 ரைபிளைக் கையில் கொடுத்து, இமயமலைக்கு ஆளை ஏற்றிய கதையில் இன்றைக்கு என்ன மதிப்பு? இன்றும் அப்படித்தான் ஏற்றுகிறார்களா? இல்லையென்றால் ரகசியம் எதற்கு? 2014 மார்ச்சில், எதிர்க்கட்சி வரிசையில் இருந்த அருண் ஜேட்லி, அறிக்கையை வெளியிட்டால் என்ன என்று கேட்டார். அதே ஆண்டு ஜூலையில், பாதுகாப்பு அமைச்சராக மாநிலங்களவையில், வெளியிடுவது தேசநலனுக்கு உகந்ததல்ல என்றார். நாலு மாதத்தில் மாறியது நாற்காலி மட்டும்தான். இந்த ஒரு கோப்பில் காங்கிரசுக்கும் பாஜகவுக்கும் இருக்கும் ஒற்றுமை புல்லரிக்கவைக்கிறது. மறைக்கப்படுவது நேரு காலத்துத் தவறு; அதை மறைத்துக்கொடுப்பவர் நேருவைத் தினம் திட்டும் கட்சிக்காரர். அதிகாரத்தின் மானம் கட்சி பார்ப்பதில்லை.

இனி அசாமுக்கு வாருங்கள். அங்கே இதே அரசு குடிமகனைப் பார்த்துக் கேட்டது: 1971 மார்ச் 24 நள்ளிரவுக்கு முன் நீயோ உன் அப்பனோ தாத்தனோ இங்கே இருந்ததற்குக் காகிதம் எங்கே? பிரம்மபுத்திரா வீட்டை அடித்துக்கொண்டு போன ஊர்களில் போய்க் கேட்டது. பள்ளிக்கூடமே பார்க்காத பெண்ணிடம் கேட்டது. ஒரு தாளில் பெயர் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருந்தால் சந்தேகப்பட்டது. 2019 ஆகஸ்ட் 31 அன்று வந்த தேசியக் குடிமக்கள் பதிவேட்டின் இறுதிப் பட்டியலில் 19,06,657 பேர் வெளியே நின்றார்கள்.

1971 மார்ச்சுக்கு முந்தைய ரசீதைக் கூலிக்காரன் தகரப் பெட்டியில் காப்பாற்றியிருக்க வேண்டும். 1971 டிசம்பரில் ஒரு நாட்டையே பிரித்துக்கொடுத்த போரின் காகிதத்தை அரசு தன் காப்பகத்தில் வைத்திருக்க வேண்டியதில்லை.

அதனால் என்னிடம் ஓர் எளிய யோசனை. அமைச்சகங்களுக்கும் ஒரு தீர்ப்பாயம் வையுங்கள். வெளிநாட்டவர் வழக்கில் உள்ளதுபோல், நிரூபிக்கும் பொறுப்பு குற்றம்சாட்டப்பட்டவருடையதே. பாதுகாப்புச் செயலாளர் வரிசையில் நிற்கட்டும். 1962இல் இந்த அமைச்சகம் இங்கேதான் இருந்தது என்பதற்குச் சான்று, மூலப் பிரதி, இரண்டு நகல். புரூக்ஸ் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் மனு தள்ளுபடி. வெள்ளத்தில் போய்விட்டது என்று சொன்னால் ஏற்காதீர்கள், அசாமில் ஏற்கவில்லை. அவகாசம் முடிந்தும் கோப்பு வராவிட்டால் கோல்பாரா மாவட்டத்தின் மாட்டியா தடுப்பு முகாமுக்கு அனுப்பலாம். இடம் தேட வேண்டாம், கட்டியதே மத்திய அரசின் பணத்தில்தான்.