பசுமைக்குக் குடிபோவது

1968-இல் ஆரோவில் தொடங்கியபோது கடல் கடந்தெல்லாம் ஆட்கள் வந்து செம்மண் பொட்டலில் காடு வளர்த்தார்கள். மெச்சத்தான் வேண்டும். இன்று தில்லிப் புகைக்குத் தப்பி மலையோரம் பண்ணை வீடு தேடுகிறார்கள். (இயற்கை வாழ்வுக்கான லாரியில் ஏசிப் பெட்டியும் ஏறுகிறது. அது அவரவர் சௌகரியம்.)

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தார் எங்கும் போகவில்லை. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தில் வலைவீசி, அன்றைய இறாலை அன்றே விற்றுப் பிழைத்தவர்கள். கார்பன் கணக்கில் முதல் மதிப்பெண் இவர்களுக்குத்தான். பரிசுகளும் வீடு தேடி வந்தன. முதலில் அனல்மின் நிலையச் சாம்பல். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து கச்சா எண்ணெய்; அதை வாளியில் மொண்டு அள்ளும் கௌரவமும் மீனவர்களுக்கே கிடைத்தது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில், பெரியகுப்பம் கரையோரக் குழாயில் அம்மோனியா கசிந்தது. சுற்றுவட்டாரச் சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

இதுவும் நல்ல காற்றைத் தேடிய குடிபெயர்வுதான். பண்ணை வீட்டுக்காரர் தேடியது ஓர் ஏக்கர். இவர்கள் தேடியது ஓர் ஆட்டோ.